ஆடி முடிவதற்குள் எட்டுப் பக்கம்

ஆடி மாதத்தில் யாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. அதனால்தான் செஞ்சியில் என் நாவல் அச்சாயிற்று. மற்ற மாதங்களில் அந்த அச்சகத்துக்கு உருப்படியான வேலை இருந்தது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டுப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, வேர்க்கடலை மண்டிக்கு ரசீதுப் புத்தகம், டூரிங் டாக்கீஸுக்கு ரோஸ் நிற நோட்டீஸ் என்று, காலால் மிதித்து ஓட்டுகிற அந்த மிஷினுக்கு மிதிக்க மிதிக்க வேலை. ஆடி பிறந்தால் மிஷின் தூங்கும். மிஷினைத் தூங்க விட்டால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காமல் இருக்க எதையாவது ஓட்ட வேண்டும். தமிழ் இலக்கியத்துக்கு நான் செய்த தொண்டு இந்த வகையில் தொடங்கியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் நான் துணி கிழிக்கிற வேலையில் இருந்தேன். எட்டாவது வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான் அதை விட்டேன் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் அது உண்மையில்லை. கஜம் போய் மீட்டர் வந்த புதிது. சிங்கவரத்திலிருந்தும் மேல்சித்தாமூரிலிருந்தும் வருகிறவர்கள் எல்லாம் கஜத்தில் கேட்பார்கள். நான் மீட்டரில் பதில் சொல்ல வேண்டும். மீட்டர் கஜத்தைவிடப் பெரியது, இதில் ஏமாற்று ஒன்றுமில்லை என்று காலை முதல் பொழுது சாய்கிற வரை தொண்டை கிழியக் கத்தினேன். அதனால் இருமல் வந்தபோது சர்க்காரின் மீட்டர்தான் காரணம் என்று நம்பினேன். ஒரு மாதம் நம்பினேன். எனக்கு எதையும் நம்புவதைவிடப் பயப்படுவதுதான் சுலபம். இருந்தும் பயப்பட வேண்டிய நேரத்தில் பார்த்து நம்பித் தொலைத்தேன்.

நாவலை அதற்கு முந்தைய இரண்டு வருஷங்களில் எழுதி முடித்திருந்தேன். நான் எழுதுகிறேன் என்று தெரிந்ததும் ஊரில் எல்லோரும் ஒரே யோசனையைத்தான் சொன்னார்கள். கோட்டையைப் பற்றி எழுது, ராஜாவையும் குதிரையையும் பற்றி எழுது, மலை ஏற வருகிறவர்கள் பஸ் ஸ்டாண்டிலேயே வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்குக் கோட்டை பிடிக்காது. படி ஏறினால் மூச்சு வாங்கும். ஆகவே நான் பார்த்தேயிராத ஜமீன் ஒன்றைப் பற்றி எழுதினேன். கதாநாயகன் ஜமீன் வாரிசு. கதாநாயகி ஏழை. அந்தக் காலத்தில் நாவல் என்றால் கடைசியில் யாராவது சாக வேண்டும். கிணறு, ரயில், விஷம் எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்து, அழகாகச் சாவதற்கு உகந்தது என்று காசநோயைத் தேர்ந்தெடுத்தேன். என் கதாநாயகன் வெள்ளைக் கைக்குட்டையில் ஒரே ஒரு துளி ரத்தத்தோடு, கதாநாயகியின் மடியில், மிகவும் நல்ல தமிழில் பேசிக்கொண்டே இறந்துபோவான்.

எழுதி ஒரு வருஷத்துக்குள் அதே நோய் எனக்கு வந்தது. கதாநாயகனுக்கு நான் கொடுத்தேன். எனக்கு யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. திண்டிவனத்துக்கு பஸ் ஏறிப் போய் எக்ஸ்ரே எடுத்து வந்தேன். டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தினம் ஓர் ஊசி, வேளைக்குக் கை நிறைய மாத்திரை, பால், முட்டை, படுக்கை என்றார். அப்புறம் ஒன்று சொன்னார். "இரைஞ்சு பேசக் கூடாது. ஒரு வார்த்தைகூட."

நோயில் அழகு ஒன்றும் இல்லை என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. வெள்ளைக் கைக்குட்டைக்குப் பதிலாக மூடி போட்ட தகர டப்பா ஒன்று கொடுத்தார்கள். மாத்திரைகள் சட்டைப் பொத்தான் அளவில் இருந்தன. ஊசி போட்ட இடத்தில் இரண்டு பக்கமும் புளியங்கொட்டை மாதிரி கட்டியது. உட்கார்வதா படுப்பதா என்பதே தினசரிக் கேள்வியானது. கதாநாயகன் ஒரு தடவைகூட உட்காரச் சிரமப்பட்டதாக நான் எழுதவில்லை.

கடை முதலாளி பெரிய மனசு உள்ளவர். "உடம்பு தேர்ற வரைக்கும் வீட்டுல இருய்யா. கடைக்கு வர்ற பொம்பளைங்க துணியத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க இல்ல?" என்றார். யாருக்காகப் பெரிய மனசு என்று நான் கேட்கவில்லை. பால் ஊற்ற வருகிற எதிர்வீட்டுப் பால்காரம்மா, அதுவரை வாசல்படி ஏறி வந்து அடுப்படி வரை வம்பு பேசுகிறவள், அன்றிலிருந்து தெருவில் நின்று எட்டி ஊற்றினாள். ஒரு முழ உயரத்திலிருந்து பால் விழும். பாதி நுரையாகத்தான் வரும். நுரைக்கும் சேர்த்துத்தான் அளவு.

எனக்கு இருந்த கவலைகளை எழுதினால் அதுவே தனி நாவல். ஊசி உள்ளே உடைந்துவிடுமோ, எக்ஸ்ரே வேறொருவனுடையதோ, வேறொருவனுடையதாக இருந்தால் அவன் என் எக்ஸ்ரேயை வைத்துக்கொண்டு நிம்மதியாக மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருப்பானோ. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு கவலை உட்கார்ந்திருந்தது. புத்தகம் முடிவதற்குள் நான் முடிந்துவிடக் கூடாது. அச்சுக் காகிதம் வாங்க என் சைக்கிள் விலை போயிருந்தது. முடிவில்லாத நாவல் ஒன்றைக் கட்டுக் கட்டாக என் மனைவிக்கு விட்டுவிட்டுப் போனால், அடுப்பெரிக்கத் தவிர அவள் அதை வைத்து என்ன செய்வாள்?

அச்சகத்தில் வேலை நடக்கிற விதத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். அங்கே இருந்த ஈய எழுத்துகள் எட்டுப் பக்கத்துக்குத்தான் போதும். எட்டுப் பக்கம் கோர்ப்பார்கள். ஒரு புரூஃப் எடுத்து எனக்கு அனுப்புவார்கள். நான் பிழை திருத்திக் கொடுத்ததும் எல்லாப் பிரதிக்கும் அந்த எட்டுப் பக்கத்தை அச்சடித்துவிட்டு, எழுத்துகளைப் பிரித்துத் திரும்பவும் அறை அறையாகத் தட்டில் போடுவார்கள். அதன் பிறகுதான் அடுத்த எட்டுப் பக்கம். ஒரு எட்டுப் பக்கத்துக்கு ஒரு ஃபாரம் என்று பெயர்.

மூன்றாவது ஃபாரத்துக்கு மட்டும் நான் புரூஃப் பார்க்கவில்லை. அன்று நூறு டிகிரி ஜுரம். பரவாயில்லை, ஓட்டுங்கள் என்று சொல்லியனுப்பிவிட்டேன். ஓட்டினார்கள். கதாநாயகியின் தகப்பனார் இறந்து, பிணத்தைச் சுற்றி எல்லோரும் அழுகிற இடத்தில், "தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து சிறப்பிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு வரி இருந்தது. ஏதோ பத்திரிகைக்குக் கோர்த்து வைத்ததில் மிஞ்சிய வரி. இடம் காலியாக இருக்கிறதே என்று வந்து உட்கார்ந்துகொண்டது. அச்சக முதலாளி சிரிக்காமல் சொன்னார்: "சாவுக்கும் நாலு பேரு வரணும் இல்ல, எழுத்தாளரே?" அன்றோடு, என் கண் படாமல் ஒரு பக்கமும் ஓடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். இந்தச் சத்தியம் பின்னால் என் கழுத்தையே பிடித்தது.

கடைசி ஃபாரம் கோர்த்தார்கள். கதாநாயகன் சாகிற ஃபாரம். புரூஃப் வந்தது, நான் படுத்துக்கொண்டே திருத்தினேன், மனைவி எடுத்துப்போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரியில், காசநோய் ஊசிக்கான வரிசையில் நின்றேன். பக்கத்து வரிசையில், விரலை மிஷின் கடித்துவிட்டதென்று கட்டுப் போட்டுக்கொள்ள வந்த கம்பாசிட்டர். அவன்தான் என் நாவல் முழுவதையும் எழுத்து எழுத்தாகக் கோர்த்தவன். என்னைப் பார்த்தான். நான் நிற்கிற வரிசையைப் பார்த்தான். தன் விரலைப் பார்த்தான். கட்டுப் போட்டுக்கொள்ளாமலே போய்விட்டான்.

பொழுது சாய்வதற்குள் புரூஃப் திரும்பி வந்தது. அச்சக முதலாளியே கொண்டுவந்தார், ஒரு குச்சியின் நுனியில்.

"தப்பா நெனைக்காதீங்க எழுத்தாளரே. நானும் புள்ளகுட்டிக்காரன். ஜுரம்னு சொன்னீங்க, இந்த ஜுரம்னு சொல்லலியே."

காகிதத்தை வாசலில் வைத்துவிட்டுக் குச்சியையும் அங்கேயே போட்டுவிட்டுப் போனார். ஆறு ஃபாரம் என் கையில் புரண்ட காகிதத்தைத் தொட்டாயிற்று, ஏழாவதைத் தொட்டால் என்ன ஆகும் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இரைந்து பேசக் கூடாது அல்லவா.

என் மனைவி அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. புரூஃபை ஒரு நாள் முழுக்க வெயிலில் காயவைத்தாள். அதுவும் போதாதென்று வேப்பிலைப் புகை போட்டாள். மாரியம்மனுக்கே பொருந்துகிற வைத்தியம் காகிதத்துக்குப் பொருந்தாதா என்பது அவள் கணக்கு. புகை பிடித்துப் பழுப்பேறிய காகிதத்தை எடுத்துக்கொண்டு போனாள். அச்சக வாசலிலேயே கம்பாசிட்டர் நிறுத்திவிட்டான்.

"இன்னா அண்ணி இது, கருவாடு மாதிரி இருக்குது? இதுல எழுத்து எது, பொகை எது?"

"நீ தொட வேணாம்பா. நான் புடிச்சிக்கறேன், நீ பாத்து மாத்திக்கோ."

"நீங்களும் அங்கதானே இருக்கீங்க அண்ணி?"

அவள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டாள். திரும்பி வந்து, சோறு வடித்துவிட்டு, பிறகுதான் என்னிடம் சொன்னாள். சொல்லும்போது பானையை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் கழித்து அச்சக முதலாளி மறுபடியும் வந்தார். இந்தத் தடவை தெருவின் நடுவிலேயே நின்றுகொண்டார்.

"எழுத்தாளரே, ஆடி முடியப்போவுது. ஆவணி மொத முகூர்த்தத்துக்கே எட்டுப் பத்திரிகை வந்து நிக்குது. எழுத்து பூரா உங்க ஆளு சாவறதுல மாட்டிக்கினு கெடக்குது. இன்னா பண்ணட்டும்?"

மனைவி ஜன்னலில் நின்று சொன்னாள். "பிழை பாக்காம ஓட்டக் கூடாதுன்னு சொல்றாரு."

"அப்ப பிழை பாத்து அனுப்புங்க."

"அனுப்பினா தொட மாட்டேங்கிறீங்களே?"

"அது வேற." கொஞ்சம் யோசித்தார். "ஆடி கடைசி வெள்ளி வரைக்கும் பாப்பேன். அப்புறம் பிரிச்சிப் போட்டுடுவேன். கல்யாணம் நிச்சயம் பண்ணவங்க காத்துக்கினு இருப்பாங்களா? உங்க ஆளு எப்படியும் சாவப்போறான். அவனுக்கு இன்னா அவசரம்?"

பிரித்துப் போட்டால் முடிந்தது. அடுத்த ஆடி வரை மிஷின் எனக்காக நிற்காது. அடுத்த ஆடி வரை நான் நிற்பேனா என்பது எக்ஸ்ரேக்குத்தான் தெரியும். பிழையோடு ஓட்டச் சொல்லலாம். ஆனால் கதாநாயகனின் கடைசி மூச்சில் யாராவது சுற்றமும் நட்புமாக வந்து உட்கார்ந்துவிட்டால்? இரண்டு பக்கமும் யோசித்து, வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நாடி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது ஒன்றுதான் தொழிலை ஒழுங்காகச் செய்தது.

வழி சொன்னது கம்பாசிட்டர்தான். என்ன இருந்தாலும் ஐம்பது பக்கத்துக்கு மேல் கோர்த்தவன். கடைசி எட்டைத் தன் கையாலேயே பிரித்துப் போட அவனுக்கும் மனசு வரவில்லை போலிருக்கிறது. அல்லது, பிரிப்பதும் வேலை, அதற்குத் தனியாகக் கூலி கிடையாது என்பதாலும் இருக்கலாம். வெள்ளிக்கிழமை காலையில் புதிதாக ஒரு புரூஃப் எடுத்துக்கொண்டு, காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு, வாடகை சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்தான். ஜன்னலுக்கு நேராக, கிணற்றடி ஓரமாக சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குரல் கொடுத்தான்.

"அண்ணே! நான் இங்கேருந்து படிக்கறேன். தப்பு இருந்தா உள்ளேருந்து சொல்லுங்க. நான் இந்தத் தாள்ல குறிச்சிக்கறேன். நீங்க எதையும் தொட வேணாம், நானும் எதையும் தொட வேணாம்!"

நான் இரையக் கூடாது என்பதால், நான் மனைவியின் காதில் முணுமுணுப்பது, அவள் ஜன்னலில் நின்று தெருவுக்குக் கத்துவது என்று ஏற்பாடு. புத்தகத்தைப் பிழை திருத்த இதைவிடச் சிக்கலான முறையை எந்த ஊரிலும் யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்.

அன்று ஆடி வெள்ளி. அம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். தெருவிலுள்ள பெண்கள் எல்லோரும் குடத்தோடு கிணற்றடியில். கோயில் பக்கம் ஒலிபெருக்கி வேறு. ஒரு பாட்டு முடிந்து அடுத்த இசைத்தட்டு மாற்றுகிற இடைவெளியில் அவன் படிப்பான். பாட்டு வந்தால் நிறுத்திவிட்டுப் புகையிலை போடுவான். இப்படி என் நாவலின் கடைசி அத்தியாயம், அச்சேறுவதற்கு முன்பே செஞ்சியின் ஒரு தெரு முழுவதற்கும் வெளியிடப்பட்டது. நான் நினைத்திருந்த வெளியீட்டு விழா வேறு மாதிரி.

கம்பாசிட்டர்கள் எழுத்தைப் படிப்பார்கள், அர்த்தத்தைப் படிக்க மாட்டார்கள். அவன் நிறுத்தற்குறிகளையும் சேர்த்தே படித்தான்.

"'கண்ணே காற்புள்ளி என் உயிர் பிரியும் நேரம் வந்துவிட்டது ஆச்சரியக்குறி' என்றான் முற்றுப்புள்ளி..."

கிணற்றடியில் ராட்டினம் நின்றது.

"யாருடி இது, உயிரு போவறதுன்றது?" என்று ஒருத்தி.

"துணிக்கடைக்காரரு எழுதுன கதையாம்."

"அவுரு கதைதானா? அதான் கதையில வர்றவனும் இருமறான்."

நான் மனைவியிடம் முணுமுணுத்தேன்: "'மார்பு விம்மியது'ங்கற எடத்துல 'ம்' விட்டுப்போச்சு." என் மனைவி தெருவைப் பார்த்தாள். தெரு நிறையப் பெண்கள். அந்த வார்த்தையை அவ்வளவு பேருக்கு முன்னால் கத்த அவளால் முடியவில்லை.

"அந்த எடத்துல... நெஞ்சுன்னு போட்டுக்கப்பா! விம்மறதெல்லாம் வேணாமாம், வலிச்சதுன்னு போட்டுக்கோ!"

"சரிங்க அண்ணி!"

நான் கையைப் பிடித்து இழுத்தேன். அவள் திரும்பவே இல்லை. அடுத்த பத்தி வந்தது. கதாநாயகி குனிந்து கதாநாயகனின் நெற்றியில் முத்தமிடுகிறாள். இரண்டு வருஷம் முன்பு ஐந்தாறு தடவை எழுதி எழுதித் தேற்றிய வரி. கம்பாசிட்டர் அதையும் வேர்க்கடலை மண்டி ரசீது மாதிரியே படித்தான். குடத்தைத் தூக்கப் போனவர்கள் கீழே வைத்தார்கள். அடுத்த இசைத்தட்டும் அந்த நேரம் பார்த்து வரவில்லை. மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"இது யாரு?"

"கதைடி," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அந்த வரிய அடிச்சிடப்பா! வேணாமாம்!"

"முழுசாவா அண்ணி?"

"முழுசா!"

என் புத்தகத்துக்கு ஒரு பதிப்பாசிரியர் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சிலர் பின்னால் சொன்னார்கள். இருந்தார்.

இப்படி ஏழு பக்கம் தாண்டினோம். பெண்களில் யாரும் குடத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. பால்காரம்மா எருமையைக் கழுவுகிற சாக்கில் கிணற்றடியிலேயே நின்றாள். அந்த எருமை அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. கதாநாயகன் கைக்குட்டையை எடுத்தான், துளி ரத்தம் வந்தது, தலை சாய்ந்தது. எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஜமீன், மாளிகை, வெள்ளி டம்ளர் என்று நான் எவ்வளவு சாமான் அடுக்கியிருந்தும், படுத்திருக்கிறது யார் என்பதில் தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"அவ்ளோதான் அண்ணே! 'கண்கள் மூடின முற்றுப்புள்ளி.' முடிஞ்சிடுச்சி!"

முடியவில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில் கடைசிக்கு ஒரு வரி யோசித்து வைத்திருந்தேன். அதில் நிலா வரும். மனைவியிடம் சைகை காட்டினேன்.

"இருப்பா! கடைசியில ஒரு வரி சேக்கணுமாம்!" என்று அவள் கத்தினாள்.

"சொல்லுங்க அண்ணி!" அவன் தாளை சைக்கிள் சீட்டின் மேல் வைத்துக் குனிந்துகொண்டான்.

சொல்வதற்கு வாயைத் திறந்தேன். இருமல் வந்தது. சாதாரணமாக வருகிற இருமல் இல்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு வருகிற இருமல். மனைவி ஜன்னலை விட்டு ஓடிவந்து ஒரு கையால் டப்பாவைப் பிடித்தாள், ஒரு கையால் முதுகைத் தடவினாள். அது எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஓய்ந்தபோது வெளியே கம்பாசிட்டரின் குரல் கேட்டது.

"சரி அண்ணி, எழுதிக்கிட்டேன்! இன்னிக்கே ஓட்டிடறேன்!"

சைக்கிள் மணி கேட்டது. போய்விட்டான்.

"சொன்னியா?" என்றேன் மனைவியிடம்.

"சொல்லிட்டேன். பேசாம படுங்க."

எதைச் சொன்னாய் என்று கேட்க மூச்சு இல்லை. முதல் நாள் இரவு நிலா வரியைப் பற்றி அவளிடம் சொல்லியிருந்தேன் என்று எனக்கு ஒரு நினைவு. கவலைப்படுவதையே பிழைப்பாக வைத்திருந்தவன், அன்று ஒரு நாள் கவலைப்படாமல் தூங்கினேன்.

ஆவணி பிறந்தது. எழுத்துகள் எல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன. கதாநாயகனின் கடைசி மூச்சாக இருந்த ஈயமெல்லாம் கலைந்து, யார் யாருக்கோ மாப்பிள்ளையாகவும் பெண்ணாகவும் தாய்மாமனாகவும் ஆகிவிட்டது. புத்தகங்கள் தைத்துக் கட்டாகி வர மேலும் மூன்று மாதம் ஆனது, பத்திரிகைகளை மடிப்பவரேதான் புத்தகமும் தைக்கிறவர் என்பதால். கார்த்திகையில் கட்டுகள் வந்து வாசலில் இறங்கின. அப்போது நான் தலையணை இல்லாமல் உட்காரத் தொடங்கியிருந்தேன். முதல் பிரதியைப் பிரித்து நேராகக் கடைசிப் பக்கத்துக்குப் போனேன்.

"கண்கள் மூடின." அதற்குக் கீழே தனி வரியாக, ஒரு பிழைகூட இல்லாமல்:

"அதெல்லாம் ஒண்ணும் சாவ மாட்டான், வேளைக்குப் பாலும் முட்டையும் குடுத்து ஊசி போட்டா எழுந்து ஒக்காந்துக்குவான்."

அதற்கும் கீழே, நடுவில், "முற்றும்."

பொறுமையாக விசாரித்ததில் நடந்தது தெரியவந்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை; என்னைப் படுக்கவைக்கப் பொய் சொல்லியிருக்கிறாள். "நீங்க கண்ணு செருகிக் கெடந்தீங்க. நிலாவாம் நிலா. நான் இன்னாத்த கண்டேன்?" என்றாள். நாங்கள் டப்பாவோடு போராடிக்கொண்டிருந்த நேரத்தில் கிணற்றடியிலிருந்து பால்காரம்மா ஜன்னலைப் பார்த்து அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். ஒரு வாடிக்கை போய்விடக் கூடாதே என்ற அக்கறையாக இருக்கும். கம்பாசிட்டர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தவன். காலையிலிருந்து திருத்தம் எல்லாம் பெண் குரலில்தான் வந்துகொண்டிருந்தது, கடைசியாகவும் ஒரு பெண் குரல் வந்தது, எழுதிக்கொண்டான். மார்பு நெஞ்சானதையும், முத்தம் காணாமல் போனதையும் கேள்வி கேட்காமல் குறித்துக்கொண்டவன், இதை மட்டும் ஏன் கேட்கப் போகிறான்?

அச்சக முதலாளி தெருவில் நின்றபடியே தீர்ப்பு சொன்னார். "நல்லாத்தானே இருக்குது எழுத்தாளரே? சாவு வீட்டுல நாலு பேரு இப்படித்தான் பேசுவாங்க."

எல்லாப் பிரதியிலும் பேனா மையால் அந்த வரியை அடித்துவிடுவது என்று உட்கார்ந்தேன். பத்துப் பன்னிரண்டு பிரதி அடித்தேன். மலிவுக் காகிதம், மை மறுபக்கம் ஊறி முந்தைய பக்கத்தில் கதாநாயகியின் புலம்பலை அழித்தது. விட்டுவிட்டேன். அவலூர்பேட்டையிலிருந்து எப்படியோ ஒரு பிரதியைப் படித்த ஒருவர் அஞ்சலட்டை போட்டிருந்தார். புத்தகம் முழுக்க எல்லோரும் பேசுகிறார்கள், கடைசி வரியில்தான் ஒரு மனுஷன் பேசுகிறான் என்று எழுதியிருந்தார். அதை நான் யாரிடமும் காட்டவில்லை. கிழிக்கவும் இல்லை.

மற்றபடி விற்பனை, எதிர்பார்த்தபடி, இல்லை. கட்டுகள் அச்சகத்திலிருந்து நேராக வந்தவைதான். ஆனால் என் வாசலைத் தாண்டி உள்ளே வந்ததும் அவற்றுக்கும் நோய் வந்துவிட்டதாக ஊர் முடிவு செய்துவிட்டது. இலவசமாகக் கொடுத்தாலும், "இருக்கட்டும், அப்புறம் வந்து வாங்கிக்கறேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். துணிக்கடை முதலாளிக்கு ஒன்று கொடுத்தனுப்பினேன். நான் தேறி வேலைக்குத் திரும்பிய நாளில் அது கல்லாவுக்குப் பின்னால் கட்டிய நூல்கூட அவிழாமல் இருந்தது.

அந்தக் கார்த்திகையிலேயே ஒரு நாள் காலை, பால்காரம்மா பால் ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றாள். கம்பாசிட்டர் அவளிடம் சொல்லியிருக்கிறான்.

"ஏம்மா, நான் சொன்னது பொஸ்தகத்துல வந்துகுதாமே?" என்று என் மனைவியிடம் கேட்டாள்.

"ஆமா. வந்துகுது."

"எங்க, காட்டச் சொல்லு உங்க வூட்டுக்காரர."

படி ஏறி, நிலையைத் தாண்டி, நான் உட்கார்ந்திருந்த கட்டில் வரை வந்துவிட்டாள். நான் ஒரு பிரதியை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் பிரித்து, கையை முடிந்தவரை நீட்டி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"எது என்னுது?"

"கடைசியில இருக்குதே, அந்த வரி."

"இதுவா?"

விரலை வைத்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி வரைக்கும் காகிதத்தின் மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போனாள். மடிந்து அடுத்த வரியிலும் கொஞ்சம் போகிறது என்று காட்டினேன். அங்கும் இழுத்தாள்.

"இவ்ளோதானா?"

"இவ்ளோதான் சொன்னீங்க."

"பொஸ்தகத்துல போடுவீங்கன்னு தெரிஞ்சா இன்னும் நல்லாச் சொல்லியிருப்பனே," என்றாள்.

அப்புறம்தான் நினைவு வந்தவள்போல விரலைப் பார்த்து, முந்தானையில் இரண்டு தரம் அழுத்தித் துடைத்துக்கொண்டு, பால் செம்பை எடுத்துக்கொண்டு போனாள்.